வீட்டுக்கு ஒரு நோயாளி

ரப்பர் ஷீட் அடிப்பது இப்போது சுகுமாரியின் வேலை. முந்தின நாள் ஆசிட் கலந்து ஊற்றி வைத்த ரப்பர் பால் டிஷ்ஷில் கட்டித் தயிர்போல உறைந்து கிடக்கும். அதைப் பலகையில் கவிழ்த்து, உள்ளங்கையால் அமுக்கித் தட்டையாக்கி, முதல் மெஷினில் விட்டு மெலிய வைத்து, அடுத்த மெஷினில் வரி விழ அடித்து, கழுவிக் கொடியில் போட வேண்டும். மெஷின் சக்கரத்தைச் சுற்ற ஆண்பிள்ளையின் தோள்பலம் வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்னவர் அவள் புருஷன் கனகதாஸ்தான். அவர் இப்போது முன்னறை நாற்காலியில் இருந்தபடி குரல் கொடுத்தார்.

"ஏட்டி, அந்த மெஷினுக்கு இம்புடு கிரீஸ் போடப்பிடாதா? கிரீச் கிரீச்சுண்ணு கேட்டு எனக்கு டென்ஷன் ஆவுது."

பதில் சொல்ல சுகுமாரிக்கு மூச்சில்லை. நெஞ்சின் நடுவில் யாரோ முழங்கையை ஊன்றியதுபோல ஒரு அழுத்தம். அது மெல்ல ஏறி இடது தோளுக்கும், அங்கிருந்து தாடைக்கும் போனது. சக்கரத்தைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே இறங்கிப்போனது. "கேஸ்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மிச்சமிருந்ததை அடித்து முடித்தாள். அவர்கள் ஊரான குன்னத்துகாலில் ஒரு பெண்ணுக்கு நெஞ்சில் என்ன வந்தாலும் அதற்குப் பெயர் கேஸ்தான். மருந்து இஞ்சிநீர்.

அவள் பிறந்தது ஆரியங்கோட்டில். அப்பா அடுத்தவர் தோட்டத்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். பள்ளியில் மலையாளம், கிறிஸ்தவக் கோவிலில் தமிழ் என்று வளர்ந்து, கல்லூரியில் பிரீடிகிரி வரை படித்து, சபைப் பாட்டுக்குழுவில் ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடி, கனகதாஸைக் கட்டிக்கொண்டு குன்னத்துகாலுக்கு வந்தாள். அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பாறசாலையில் நின்று விசில் அடித்தால் களியக்காவிளையில் ஆள் இறங்கும் என்று கேலி பேசுவார்கள். கெட்ட மனுஷர் இல்லை. குடி கிடையாது, அடி கிடையாது. வீட்டையும் பஸ்ஸாக நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான். மணி அடிப்பது அவர். வண்டி ஓடுவது மற்றவர்கள் பாடு.

ஓய்வு பெற்ற பிறகு சபைக் கமிட்டியில் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்து மதிலை எந்தப் பக்கம் தள்ளிக் கட்டுவது என்று ஒரு கூட்டத்தில் வாக்குவாதம். எழுந்து நின்று கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே வேர்த்து பெஞ்சில் சரிந்தார். ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் சுகுமாரி. ஸ்டென்ட் வைத்து, பிழைத்து, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சில காரியங்கள் சொன்னார். பீடியை விடணும். தினமும் நடக்கணும். உப்பும் எண்ணெயும் குறையணும். மாத்திரை தவறப்பிடாது. டென்ஷன் ஆகப்பிடாது.

நடை ஒரு வாரம் நடந்தது. பீடி, ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் பின்பக்கம் குடிபெயர்ந்தது. கருவாடு இல்லாத சோறு அவருக்கு இறங்காது. மாத்திரை தவறாததற்குக் காரணம், வேளாவேளைக்குத் தண்ணீரோடு உள்ளங்கையில் வைத்துக்கொடுக்க ஆள் இருந்தது. கடைசியாகச் சொன்னதை மட்டும் கனகதாஸ் மனப்பாட வசனம்போலப் பிடித்துக்கொண்டார். அதிலும் ஒரு திருத்தம் செய்துகொண்டார். டென்ஷன் ஆகாமல் இருப்பது அவர் பொறுப்பில்லை. கொடுக்காமல் இருப்பது வீட்டார் பொறுப்பு.

அதிலிருந்து வீட்டில் எதையும் சொல்ல முடியாமல் ஆயிற்று. மழையில் அடுக்களை ஒழுகினால் சொல்லக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலியை நகர்த்தினால் சொல்லக் கூடாது. மகள் சோனாவைக் கட்டிக்கொடுத்திருந்தது காட்டாக்கடையில். மருமகனுக்கு வேலை போனது. அதைச் சொல்லக் கூடவே கூடாது. பாலை டிஷ்ஷில் ஊற்றும் முன் வலையில் அரிப்பதுபோல, வருகிற செய்தியையெல்லாம் சுகுமாரி அரித்தாள். தெளிந்தது அவரிடம் போயிற்று. கசடு அவளிடம் நின்றது. யாராவது மறுத்துப் பேசினால் அவர் கை நெஞ்சுக்குப் போகும். உடனே யாராவது மின்விசிறியைப் போடுவார்கள், யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள், பேச்சு அதோடு முடியும். பாட்டுப் பயிற்சிக்குப் போகும் மாலைகளில் அவர் தனியாக இருக்க வேண்டியிருக்கிறதே என்று அவள் ஆல்டோவையும் விட்டாள்.

இதில் சபைக்கும் ஒரு பங்கு உண்டு. வியாழக்கிழமைதோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வேதபாடம் முடிந்ததும் உபதேசியார் பொன்னுதாஸ் ஜெபக்குறிப்பு கேட்பார். அந்த வீட்டுத் தலைவர் எழுந்து, வீட்டில் யாருக்கு என்ன சங்கடம் என்று சொல்வார். அதற்காக எல்லோரும் கண்ணை மூடுவார்கள். தலைவர் சொல்வதுதான் குறிப்பு. அவர் இருக்கும்போது பெண்கள் எழுந்து சொல்லும் வழக்கம் இல்லை. கனகதாஸ் வீட்டுக் குறிப்பு எல்லோருக்கும் மனப்பாடம்: "எனது இருதயத்துக்காக." வீட்டுக்கு ஒரு நோயாளி என்பது எழுதிவைக்காத ஏற்பாடு. ரேஷன் கார்டில் குடும்பத்தலைவர் பெயர்போல அந்த இடம் நிரம்பியாயிற்று. அங்கே இன்னொரு பெயர் ஏறும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சுகுமாரிக்கும் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது ஆஸ்பத்திரிப் படிக்கட்டு. அவருடைய மாத்திரை வாங்க நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தாள். லிப்ட் ஓடாத நாள். பாதிப் படியில் அந்த முழங்கை மறுபடியும் நெஞ்சில் ஊன்றியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தவளை ஒரு நர்ஸ் பார்த்து, கேஸ் என்று அவள் சொன்னதைக் காதில் வாங்காமல், கொண்டுபோய்ப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தாள். டாக்டர் சின்ன வயசுக்காரி, மலையாளக்காரி. பிரஷர் பார்த்தாள். அந்த எண்ணைக் கண்டு மறுபடியும் ஒரு தடவை பார்த்தாள்.

"அம்மைக்கு உறக்கமொக்கெ உண்டோ?"

"உண்டும். இடைக்கு எந்திரிச்சு அவருக்கு மூச்சு வருதாண்ணு பாப்பேன். பின்னயும் கெடப்பேன்."

"வீட்டில் டென்ஷன் வல்லதும் உண்டோ?"

"டென்ஷன் உள்ளது எங்க வீட்டுக்காரருக்காக்கும், டாக்டரே. எனக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பில்லாமல் கேட்டாள். "அவருக்கு டென்ஷன் வராம நோக்குந்நது ஆரா?"

"நாந்தான்."

சொன்ன பிறகுதான் சுகுமாரிக்குத் தான் சொன்னது கேட்டது.

இது கேஸ் இல்லை, இருதய நோயாக இருக்கலாம், டென்ஷன் ஒன்றினால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டேன் என்றாள் டாக்டர், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக. வயசு உண்டு, தீட்டு நின்றபின் பெண்களுக்கும் இந்த நோய் தாராளமாக வரும், பிரஷர் எத்தனை நாளாக இப்படி நிற்கிறதோ தெரியாது. ஆனால் இப்படி நாள் முழுக்க உள்ளே பதறிக்கொண்டும், வெளியே ஒன்றுமில்லாததுபோல நடந்துகொண்டும், ராத்திரி அரை உறக்கம் உறங்கிக்கொண்டும் இருந்தால் பிரஷர் இறங்கவே இறங்காது. அது ரத்தக்குழாயைத்தான் தின்னும். வெப்ராளத்தை, அந்தப் பதற்றத்தை, வாய்விட்டுக் காட்டுகிறவனுக்கு மட்டும்தான் நெஞ்சு உண்டு என்று ஒன்றும் கிடையாது.

அடுத்த வாரம் பெண்கள் சங்கத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த டிரெட்மில் டெஸ்டுக்குப் போனாள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஓடுகிற பட்டையில் ஏற்றிவிட்டு, நடங்க அம்மா, இன்னும் கொஞ்சம் வேகமாக நடங்க என்றார்கள். எவ்வளவு நடந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கிற நடை. இதை எதற்கு ஆஸ்பத்திரியில் வந்து செய்யணும் என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வலியும் வந்தது. பாதியிலேயே நிறுத்தினார்கள். மெடிக்கல் காலேஜில் சேர்ந்து ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை காலையில் வரணும், அதுவரை மெஷின் பக்கமே போகக் கூடாது, கனம் எடுக்கக் கூடாது என்றார்கள்.

பாறசாலை பஸ்ஸில் ஏறாமல், நிழற்குடையில் உட்கார்ந்து சோனாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்.

"அம்மா, நீங்க ஒண்ணு செய்யணும்" என்றாள் சோனா. "அப்பாட்ட இத இப்ப சொல்லாதிய. வெள்ளிக்கிழம எனக்க வீட்டுக்கு வாறேன்னு சொல்லிட்டு எறங்குங்க. நான் அப்பிடியே மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போறேன். எல்லாம் கழிஞ்ச பெறவு மெதுவாச் சொல்லலாம். அப்பாக்கு டென்ஷன் ஆயிரும்."

"நான் செத்துட்டேன்னாலும் மெதுவாத்தான் சொல்லுவியா?"

"என்னம்மா பேசுதிய!"

"கேக்குதேன். பெட்டியில வச்சு வீட்டு முற்றத்துல எறக்குவியே, அப்ப என்ன சொல்லுவ? அம்மை காட்டாக்கடையிலருந்து வந்திருக்காண்ணா?"

போனில் சோனா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பின்ன என்னம்மா செய்ய?"

"நீ ஒண்ணும் செய்யாண்டாம் மக்கா. வெள்ளிக்கிழம காலத்த வண்டியோட வா, போதும்."

அந்த வாரம் வியாழக்கிழமை ஜெபம் அவர்கள் வீட்டு முறை. ஏத்தன் வாழைப்பழம் வெட்டி மாவில் முக்கிப் பொரிக்கும் வேலையைப் பக்கத்து வீட்டு விமலகுமாரி செய்தாள். பெண்கள் சங்கச் செயலாளர், சுகுமாரியோடு ஆல்டோ பாடியவள்.

"ஏம்பிள்ளே மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் விமலகுமாரி.

"கேஸ்."

"இஞ்சிநீர் குடி."

"குடிச்சுக் குடிச்சு வயறு முழுக்க இஞ்சியாக்கும்."

முன்னறையில் பாய் விரித்து, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, அறை நிறைந்தது. பாட்டு முடிந்தது, வேதபாடம் முடிந்தது. உபதேசியார் பொன்னுதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஜெபக்குறிப்பு உண்டானா சொல்லலாம்" என்றார். வழக்கம்தானே என்ற சாவகாசத்தோடு கனகதாஸ் நாற்காலிக் கையை ஊன்றி எழத் தொடங்கினார்.

அதற்குள் அடுக்களை வாசலில் நின்றிருந்த சுகுமாரி பேசிவிட்டாள்.

"எனக்கு ஒரு குறிப்பு உண்டு, உபதேசியாரே."

அறையில் இருந்த தலையெல்லாம் திரும்பியது. கனகதாஸ் பாதி எழுந்த நிலையில் நின்றார்.

"எனக்கு நெஞ்சுக்கு சுகமில்ல. கேஸ் இல்ல, டெஸ்ட் எடுத்தாச்சு. நாளைக்கு மெடிக்கல் காலேஜுல சேரப் போறேன். ஆஞ்சியோகிராம். அடைப்பு உண்டுமெண்ணா என்ன செய்யணுமோ அத அவிய செய்வாவ. இத ஒளிச்சு வச்சுட்டுப் போகச் சொன்னாவ, இவருக்கு டென்ஷன் வரும்ண்ணு. எனக்கு ஒளிக்க மனசில்ல. வருமெண்ணா வரட்டும்."

கனகதாஸின் கை நெஞ்சுக்குப் போனது. அவர் வேண்டுமென்று செய்தார் என்று சொல்ல முடியாது. அந்தக் கைக்கு வழி பழகிப்போயிருந்தது. அவ்வளவுதான், பாதி அறை அவர் பக்கம் எழுந்தது. ஒருவர் மின்விசிறியைக் கூட்டினார். ஒருவர் பாட்டுப்புத்தகத்தால் விசிறினார். "தண்ணி, தண்ணி" என்று ஒரு குரல், சுகுமாரியைப் பார்த்தே கேட்டது.

சுகுமாரி நகரவில்லை. "பானை அங்க இருக்கு. பிரஷர் மெஷின் அலமாரியில இருக்கு. ஆரெங்கிலும் எடுத்துப் பாருங்க. எனக்குக் கனம் எடுக்கப்பிடாதுண்ணு டாக்டர் சொல்லியிருக்கு."

யாரோ எடுத்துப் பார்த்தார்கள். பிரஷர் சரியாகத்தான் இருந்தது. "தாசண்ணனுக்குக் கொழப்பமில்ல" என்று அறிவித்தபோது அறையே மூச்சு விட்டது. அந்த மெஷின் அவள் கைக்கு வரவில்லை. கழற்றி மடக்கி அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார்கள்.

உபதேசியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது செய்ய அவரிடம் ஒரு காரியம் இருந்தது. "நாம எல்லாருமா ஜெபிப்போம்" என்றார். கண்கள் மூடின. இந்த வீட்டின் தலைவரை இதுவரை நடத்திவந்ததற்காக நன்றி சொன்னார். அவருடைய இருதயத்தை எந்தச் சஞ்சலமும் அணுகாமல் காத்துக்கொள்ளச் சொன்னார். "எங்கள் சகோதரிக்கும் ஆண்டவரே, இந்தச் சோதனை வேளையில் நல்ல பொறுமையைத் தாரும், சகிக்கும் பெலனைத் தாரும்..."

"பொறுமை வேண்டாம் உபதேசியாரே."

ஜெபத்துக்கு நடுவில் யாரும் பேசி அந்தச் சபையில் கேட்டதில்லை. கண்ணைத் திறப்பதா மூடியே இருப்பதா என்று தெரியாமல் சிலர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்கள்.

"பொறுமை எனக்க கைல எம்புடோ கெடக்கு. அதத் தின்னுதான் இந்த நெலமைக்கு வந்திருக்கேன். இன்னும் தரச் சொல்லாதிய. எனக்கு அடைப்பு மாறணும். அதக் கேளுங்க. இந்த வீட்டுல ரண்டு நெஞ்சு உண்டுண்ணு சொல்லிக் கேளுங்க. ஆண்டவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

"ஏட்டி!" என்றார் கனகதாஸ். கண்டக்டர் குரல் முழுசாக இருந்தது, அதில் நோவு ஏதும் இல்லை.

உபதேசியார் நல்ல மனுஷர்தான், வார்த்தைக்குத்தான் பஞ்சம். கடைசியில், "சகோதரி சுகுமாரியின் இருதயத்துக்காக" என்று, பெயரைச் சொல்லி ஜெபித்தார். சின்ன ஜெபம்தான். ஆமென் என்று முதலில் சொன்னது விமலகுமாரி, கையில் எண்ணெய்க் கரண்டியோடு அடுக்களையிலிருந்து, தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

பழம்பொரி எப்போதும்போலத் தீர்ந்தது. போகும்போது சில பெண்கள் சுகுமாரியின் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி, "எனக்கும் இந்தத் தாடவலி உண்டு பிள்ளே, பல்லுண்ணு நெனச்சு பல்லைப் புடுங்கியாச்சு" என்று காதோடு சொன்னாள். இன்னொருத்தி, "எண்ணாலும் ஜெபத்துக்க எடையில பேசப்பிடாது" என்றாள். இரண்டையும் கேட்டுக்கொண்டாள்.

எல்லோரும் போனதும் கனகதாஸ் நாற்காலியை உதைத்துத் தள்ளினார். "சபைக்கு முன்னால என்ன நாணங்கெடுத்திட்டியே. நான் என்ன ஒன்னக் கொல்லவா செய்தேன்?"

"கொன்னியண்ணு ஆரு சொன்னா?"

"பின்ன எதுக்கு அத்தன பேருக்க முன்னால? எனட்ட சொல்லப்பிடாதா?"

"சொல்ல வாயெடுத்தா உங்க கை எங்க போவும்ணு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். "நான் என்ன, நடிக்கேன்னு சொல்லுதியா?"

"நடிப்பெல்லாம் இல்ல. உங்களுக்குப் பயம். ஆஸ்பத்திரியில கெடந்தப்பமே எனக்குத் தெரியும். அந்தப் பயத்தயும் நாந்தான் சொமந்தேன். இனி ஏலாது. எனக்குள்ளதயே எறக்கி வைக்க எடம் தேடிட்டுக் கெடக்கேன்."

"நீ போயிட்டா ஷீட் ஆரு அடிப்பா? எனக்கு மாத்திர ஆரு எடுத்துத் தருவா?"

"மாத்திர டப்பியில இருக்கு. வெள்ள காலத்த, மஞ்ச ராத்திரி. பாலு வெட்டாண்டாம், மரம் நாலு நாளு சும்மா நிக்கட்டும். கஞ்சி விமலகுமாரி தருவா. அவகிட்ட கிரீச்சுண்ணு கேக்குதுண்ணு சொன்னா சட்டுவத்தால அடி தருவா, பாத்து இருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை. படுக்கையறைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்று ராத்திரி அவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்க சுகுமாரி எழவில்லை. விழிப்பு என்னவோ வந்தது. பழகிப்போன உடம்பு. விட்டத்தைப் பார்த்துக் கிடந்துவிட்டு, புரண்டு மறுபடியும் உறங்கினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சோனா வண்டியோடு வந்தாள். முற்றத்திலேயே நின்று, அப்பா என்ன சொன்னார் என்று கண்ணால் கேட்டாள். சுகுமாரி உதட்டைப் பிதுக்கிவிட்டு, பையை எடுக்கப் படுக்கையறைக்குள் போனாள். மாற்றுப் புடவை, சீப்பு, துண்டு, டெஸ்ட் பேப்பர்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டால் கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று வளையல்களை இப்போதே கழற்றி மேசைமேல் வைத்தாள். கனகதாஸ் அதே சுவர்ப் பக்கமாகக் கிடந்தார். உறக்கம் இல்லை. கால் பெருவிரல் அசைந்துகொண்டிருந்தது.

பையைத் தோளில் போட வந்தவள், கனம் எடுக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து கீழே வைத்தாள். "மக்கா, இத வந்து எடு" என்று சோனாவைக் கூப்பிட்டாள். சோனா வந்து, அப்பாவின் முதுகைப் பார்த்துத் தயங்கி, பையை எடுத்துக்கொண்டு போனாள்.

சுகுமாரி கட்டிலருகில் நின்றாள்.

"ஆஸ்பத்திரியில வீட்டுக்காரர் வந்திருக்காராண்ணு கேப்பாவ. சோனா நிப்பா, அதுக்குக் கொறவில்ல. நீங்க வாறதுண்ணா வண்டியில எடம் உண்டு."

பெருவிரல் அசைவது நின்றது.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரல்தான். "எனக்கு அங்க வச்சு என்னவாவது ஆச்சுண்ணா, உங்களுக்கு டென்ஷன் வருமா?"

முற்றத்தில் சோனா வண்டிக் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. கனகதாஸின் முதுகு ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. சுகுமாரி புடவை மடிப்பைச் சரிசெய்துகொள்ளும் நேரம்வரை பார்த்து நின்றாள். பிறகு அறையை விட்டு வெளியே நடந்தாள்.